அப்பா செதுக்கிய மர யானைகளை விற்க யோசனை சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருப்பரங்குன்றம் பக்கம். தச்சு வேலையை விட்ட பிறகும் அப்பாவுக்குக் கை சும்மா இருக்காது, வேப்பங்கட்டையிலும் மிச்சம் கிடந்த தேக்குத் துண்டுகளிலும் யானை, யாளி, குட்டி நந்தி என்று செதுக்கித் தள்ளியதில் இப்போது அலமாரியில் 40க்கு மேல் நிற்கின்றன. விற்று வருகிற பணத்தில் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு மெத்தை வாங்கித் தர வேண்டுமாம்.

விலை வைப்பதில்தான் திணறுகிறேன். உள்ளங்கை அளவு யானைக்கே இரண்டு நாள் ஆகிறது, தும்பிக்கை மடிப்பை மட்டும் அரை நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார், கேட்டால் "100 ரூபாய் போதும்ப்பா" என்கிறார். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன், விற்றால் பாதி அவர்களுக்காம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் நாமே கடை போட்டால் போகுமா? போட்டவர்கள் யாராவது இருந்தால் வாடகை, அனுமதி விவரம் சொல்லுங்கள்.

அப்புறம், ஒரு வேப்ப யானைக்கு முதுகில் வெடிப்பு விட்டுவிட்டது. சரியாகக் காயாத கட்டை, தப்பு எங்களுடையதுதான். மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தால் நிற்குமா, இல்லை அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?