மறு: 'ஏரில்' – பத்திரி இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

சில விதைகளைச் சுற்றி வளரும் சதைக்கு ஆங்கிலத்தில் 'ஏரில்' (aril) என்று பெயர். நம் கலைச்சொல் அகராதியில் அதற்குத் தமிழாக 'விதைப்போர்வை', 'விதைமேற்சதை', 'சூல்காம்பு வளரி' என்று போன வாரம் வந்த மூன்றையும் பார்த்தேன். மூன்றிலும் தப்பில்லை. ஆனால் 'பத்திரி' இருக்கிறதே, அந்தச் சொல் எங்கள் வீட்டில் பட்டை கிராம்பு போட்டு வைக்கும் டப்பாவிலேயே கிடக்கிறது.

பொள்ளாச்சியில் தென்னைக்கு ஊடுபயிராக ஜாதிக்காய் போட்டிருக்கும் உறவினர் ஒருவர் நாலு பழம் பறித்து வந்தார். காரைக்குடியில் காய்ந்த சரக்கைத்தானே பார்த்திருக்கிறோம், பச்சைப் பழத்தை நான் கையில் எடுத்தது இதுதான் முதல் தடவை. கொய்யாவைவிடக் கொஞ்சம் சின்னது, வெளிர் மஞ்சள். ஒரு பழம் வரும் வழியிலேயே கோடு போட்டது போல் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே கருஞ்சாக்லேட் நிறத்தில் பளபளப்பான ஓடு, அதைச் சுற்றி ரத்தச் சிவப்பில் வலை. விதையின் அடியில் கிளம்பி, விரல் விரலாகப் பிரிந்து, மேலேறிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நகத்தால் மெல்ல உரித்தால் முழுசாக வருகிறது. உரித்த இடத்தில் ஓட்டின் மேல் அந்த விரல்களின் தடம்கூடப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. அந்தச் சிவப்பு வலைதான் ஜாதிபத்திரி, காயக் காய ஆரஞ்சும் மஞ்சளுமாக வெளுத்துவிடும். பிரியாணிக்குப் போடுவது அது. பிள்ளைக்கு உரைமருந்தில் இழைப்பது ஓட்டுக்குள் இருக்கும் பருப்பு.

தாவரவியல் 'ஏரில்' என்று சொல்வது இந்த வலையைத்தான். விதையின் காம்பை ஒட்டிக் கிளம்பி விதையைச் சுற்றும் சதை. மரம் இதை வளர்ப்பது நம் குருமாவுக்காக அல்ல. பிறந்த இடமான இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் பெரிய காட்டுப் புறாக்கள் இந்தச் சிவப்பைப் பார்த்து வந்து விதையோடு விழுங்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதே குடும்பத்துக் காட்டு ஜாதிக்காய்க்கு இருவாச்சி. பத்திரியைச் செரித்துக்கொண்டு, விதையை வேறொரு மரத்தடியில் கக்கிவிட்டுப் போகும். பறவைக்குக் கொடுக்கிற கூலி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முக்கியமான விஷயம்: அந்த மலையில் விளையும் இன்னொரு ஜாதிக்காய் வகையின் ஏரிலுக்கு ராமபத்திரி என்று பெயர். மணம் குறைவு, ஜாதிபத்திரியோடு கலந்து விற்பவர்களும் உண்டு. ஆக வெவ்வேறு இரண்டு மரம், ஒரே உறுப்பு, இரண்டுக்கும் பத்திரி. கலைச்சொல்லாகும் வேலையைச் சந்தைக்காரர்கள் பாதி முடித்துவிட்டார்கள்.

———

தம்பிக்கு,

> அந்தச் சொல் டப்பாவிலேயே கிடக்கிறது

டப்பாவில் கிடப்பதை எல்லாம் நம்பினால் ஆபத்து. அன்னாசிப்பூ பூ இல்லை, காய். கல்பாசி பாசி இல்லை. ஜாதிக்காயே காய் இல்லை, விதை. 'பத்திரி' பத்திரம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இலை என்று பொருள். இலையில்லாத ஒன்றை இலை என்று பாடநூலில் ஏற்றலாமா? பிள்ளைகள் பத்திரிகையா என்று கேட்கும். தமிழில் 'சுளை' இருக்கிறதே? மலேசியாவில் முள்நாறியை (டுரியான்) பிளந்து சாப்பிடும்போது சுளை என்றுதானே சொல்கிறார்கள், அதுவும் ஏரில்தானே?

———

ஐயா,

முள்நாறிச் சுளை ஏரில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வடகாடு, கீரமங்கலம் பக்கமிருந்து வருகிற பலாவின் சுளை பூவின் இதழ்வட்டம் சதைப்பற்றாகிப் பருத்தது. ஒரு பலாப்பழம் என்பது ஒரு பூங்கொத்து முழுவதும். ஆரஞ்சுச் சுளை சூலகத்தின் ஓர் அறை. நுங்குச் சுளையோ விதைக்குள் முளைக்கு உணவாக இருக்கும் முளைசூழ்தசை. நாலும் நாலு உறுப்பு. கையால் பிரித்தெடுத்து வாயில் போடும் துண்டு எதுவானாலும் நமக்குச் சுளை. அது சாப்பிடுகிறவன் வைத்த பெயர், அவனுக்கு அது சரி. அதைப் பிடுங்கி ஒரு உறுப்புக்கு மட்டும் கட்டிவைத்தால் பலாச்சுளையைச் சுளை இல்லை என்று பாடநூல் சொல்ல வேண்டிவரும். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

வடசொல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஜாதிபத்திரி என்றதும் எந்த ஆச்சிக்கும் கண்முன் வருவது இலை இல்லை, அந்தச் சிவப்பு வலைதான். பொருள் எப்போதோ இடம் மாறிவிட்டது. 'விதைப்போர்வை'யில் எனக்கு உள்ள பயம், பரீட்சையில் பிள்ளைகள் அதை விதையுறையோடு குழப்பிவிடும் என்பது. இரண்டும் வேறு: விதையுறை விதையின் சொந்தத் தோல், ஏரில் அதன் மேல் தனியாக வளர்வது. மாதுளை முத்தில் நாம் தின்பது விதையுறையே சதையானது, அது ஏரில் இல்லை. அதற்குச் 'சதையுறை' என்று தனியாக வைக்கலாம்.

பத்திரி வேறு செடிக்குப் பொருந்துமா என்று முந்தாநாள் சோதித்தேன். வாசலில் கொடுக்காப்புளி விற்கிற அம்மாவிடம் ஒரு கூறு வாங்கி, கறுப்பு விதையிலிருந்து வெள்ளைச் சதையைப் பிரித்துக்கொண்டே, "இதுவும் பத்திரிதான்" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பழுத்த பாகற்காயைப் பிளந்தால் விதையைச் சுற்றி வரும் சிவப்புக்கு அவ்வளவு தயக்கம் இருக்காது. நிறமே ஜாதிபத்திரி நிறம்.

கொடுக்காப்புளியில் வாய்க்கு வரச் சிரமம்தான். பேச்சில் சதை என்றே இருக்கட்டும், பட்டியலில் பத்திரி இருக்கட்டும். ஏரில் உள்ள விதைக்குப் 'பத்திரிவிதை' என்று சேர்க்கவும் முடிகிறது. 'சூல்காம்பு வளரி'யோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

———

தம்பிக்கு,

நுங்கு எடுத்துக்காட்டு பிடித்தது. பத்திரியை முதலில் போட்டு, விதைப்போர்வையை அடைப்புக்குள் போடுவதென்றால் எனக்குச் சம்மதம். அடுத்த பதிப்பில் பிள்ளைகள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்போம். சதையுறைக்குத் தனி இழை தொடங்கு.

அந்த நாலு பழத்தின் தோலை என்ன செய்தாய்? பினாங்கில் கொண்டுவிற்கப் போயிருந்த எங்கள் ஐயா, ஜாதிக்காய்த் தோலைச் சர்க்கரைப் பாகில் போட்டுக் காயவைத்தது என்று ஒரு தகர டப்பா கொண்டுவருவார். நாக்கு சுள்ளென்று இழுக்கும்.

———

ஐயா,

அகராதிப் பதிவை மாற்றிவிட்டேன். தோலை உப்பும் மிளகாயும் போட்டு ஜாடியில் வைத்திருக்கிறது. இன்னும் இரண்டு வெயில் பார்க்க வேண்டும்.