உதவி: முயல் தலை சுரைக்காய் மாதிரி நீளுகிறது, பஞ்சும் வெளியே தெரிகிறது

கதம்பம்:
வணக்கம். அக்கா மகளுக்கு அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். அவளுக்காகக் குரோஷேயில் ஒரு முயல் பின்னுகிறேன். பேட்டர்ன், இங்கிலாந்தில் வந்த பழைய கைவினைப் புத்தகம் ஒன்றில் கிடைத்தது. கழுத்தில் மஃப்ளர், தோளில் குட்டிப் பை, பைக்குள் கேரட் என்று அவ்வளவு அழகு!

சிக்கல் தலையில்தான். மேஜிக் ரிங்கில் (நூலை வளையமாகச் சுற்றித் தொடங்கும் முறை) 6 ஸ்டிட்ச், அடுத்த சுற்றில் 12, அப்புறம் 18 என்று 36 வரை எண்ணித்தான் போட்டேன். ஆனாலும் தலை உருண்டையாக வராமல் சுரைக்காய் மாதிரி நீளுகிறது. பஞ்சு அடைத்தால் இடைவெளிகளில் வெள்ளையாகத் தெரிகிறது. காட்டன் நூல், 2.5 மி.மீ. ஊசி. இன்னும் சின்ன ஊசிக்கு மாறட்டுமா? கேரட்டும் பைக்குள் நுழையாத அளவுக்குப் பெரிதாகிவிட்டது.

மல்லிகா:
ஊசியை மாற்ற வேண்டாம். பேட்டர்னில் ‘டிசி’ என்று போட்டிருக்கிறதா? ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு உள்ளே நுழைக்கிறீர்களா?

கதம்பம்:
ஆமாம் அக்கா, எல்லாச் சுற்றும் டிசிதான். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்ட டபுள் குரோஷே.

மல்லிகா:
அப்போ காரணம் கிடைத்துவிட்டது. நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள்தான். இங்கிலாந்துப் புத்தகத்தின் டபுள் குரோஷே, அமெரிக்கக் கணக்கில் சிங்கிள் குரோஷே, அதாவது ஊசியில் நூலைச் சுற்றாமல் நுழைத்துப் போடுவது. 

நீங்கள் போட்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமான ஸ்டிட்ச். சுற்றுக்கு 6 கூட்டினால் சிங்கிள் குரோஷே தட்டையாக விரியும். உயரமான ஸ்டிட்சுக்கு அது போதாது, சுற்றுக்கு 12 கூட்ட வேண்டும். அதனால்தான் அகலம் பிடிக்காமல் கூம்பாக நீண்டுவிட்டது. பஞ்சு தெரிவதும் இதனால்தான்.

பிரித்துவிட்டு அதே நூலில் சிங்கிள் குரோஷே போடுங்கள். 36 வந்ததும் வட்டத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரிய ஓட்டைகள் தெரிந்தால் மட்டும் 2 மி.மீ. ஊசிக்குப் போகலாம். ஸ்டிட்ச் குறைக்கும் சுற்றுகளில் அடுத்த இரண்டு ஸ்டிட்சின் முன்கண்ணியை (மேலே தெரியும் இரண்டு இழையில் உங்கள் பக்கம் இருப்பது) மட்டும் ஊசியில் எடுத்து, நூலை இழுத்து, சிங்கிளாக முடியுங்கள். அந்த இடத்தில் மேடும் ஓட்டையும் வராது. ‘V’ ‘V’யாகத் தெரிவதுதான் வெளிப்பக்கம். குறுக்குக் கோடுகள் தெரிந்தால் உருண்டையைத் திருப்பிவிடுங்கள்.

கேரட்டுக்கு ஸ்டிட்சைக் குறைத்தால் வடிவம் கெட்டுவிடும். எண்ணிக்கையை அப்படியே வைத்து நூலை மாற்றுங்கள். எம்பிராய்டரி நூலின் 6 இழையும் சேர்த்து, 1.5 மி.மீ. ஊசியில் போட்டுப் பாருங்கள்.

வெள்ளிநூல்:
ஒரு வயதுக் குழந்தைக்கு என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன், தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். பிளாஸ்டிக் கண்ணோ பட்டனோ வைக்காதீர்கள். ‘சேஃப்டி ஐ’ என்று பெயர் இருந்தாலும் 3 வயதுக்குக் கீழே வேண்டாம். சுற்றியுள்ள பின்னல் இழுபட்டால் கண் கழன்று வந்துவிடும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள்.

பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் 31.7 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் உதிரிப் பாகம் எதுவும் சின்னக் குழந்தைக்கு ஆகாது. உங்கள் கேரட் தாராளமாக அடங்கும். மஃப்ளரையும் நீளமாகத் தொங்க விடாமல் கழுத்தோடு சுற்றித் தைத்துவிடுங்கள்.

கதம்பம்:
ரொம்ப நன்றி இருவருக்கும். தலையைப் பிரித்துப் போட்டேன், உருண்டையாக வந்துவிட்டது! பஞ்சு துளியும் தெரியவில்லை. கண்ணையும் நூலால்தான் தைக்கப்போகிறேன். கேரட்டைப் பைக்குள் வைத்துத் தைத்தால் போதுமா?

வெள்ளிநூல்:
தைத்தாலும் இப்போதைக்குத் தனிக் கேரட் வேண்டாம். பையின் மேலேயே ஆரஞ்சு, பச்சை நூலில் கேரட் எம்பிராய்டரி போடுங்கள். பையின் நான்கு ஓரத்தையும் வாரையும் முயல் உடம்போடு இரண்டு சுற்று தைத்து, நூல் நுனியை உடம்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துவிட்டு வெட்டுங்கள். முடிச்சோடு நிறுத்தினால் துவைக்கும்போது அவிழும்.




மல்லிகா:
முடிந்ததும் படம் போடுங்கள். காதைத் தைக்கும் முன் குண்டூசி குத்தி இடம் பார்த்துக்கொள்ளுங்கள், தைத்தபின் குண்டூசிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.