சூடுபட்ட ஹீலா செல்லை என்.கே. செல் உண்மையில் கூடுதலாகக் கொல்கிறதா?

தட்டு96:
ரத்தத்திலிருந்து பிரித்த என்.கே. செல்கள் (இயற்கைக் கொல்லி செல்கள்) கே562-வை (ரத்தப் புற்றுநோய் செல் வகை) 10:1 விகிதத்தில் (ஓர் இலக்கு செல்லுக்குப் பத்து என்.கே. செல்) 4 மணி நேரத்தில் சுமார் 55% கொல்கின்றன. ஹீலாவை (கருப்பைவாய்ப் புற்றுநோய் செல் வகை) 42 டிகிரியில் 1 மணி நேரம் வைத்து, உடனே டிரிப்சின் (ஒட்டிய செல்லைக் கழற்றும் நொதி) போட்டு எடுத்தேன். ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல் மேற்பரப்புப் புரதங்களை அளக்கும் கருவி) மைக்-ஏ, மைக்-பி (அழுத்தத்தில் உள்ள செல் மேற்பரப்பில் காட்டும் புரதங்கள்) இரண்டும் ஏறவில்லை. கால்சீன் முறையில் (செத்த செல்லிலிருந்து கசியும் ஒளிரும் சாயத்தை அளப்பது) கொல்லும் அளவு மட்டும் 20-லிருந்து 37 சதவீதமாகத் தெரிகிறது. எதை நம்புவது? என்.கே. செல்களுக்கு ஐ.எல்.-2 (அவற்றைத் தூண்டும் புரதம்) கொடுக்கவில்லை.

பெர்ஃபோரின்:
ஃப்ளோ முடிவையும் நம்ப வேண்டாம், 37-ஐயும் நம்ப வேண்டாம்.

முதலில் நேரம். வெப்பம் பட்டதும் எச்.எஸ்.எஃப்.1 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் மைக் ஜீன்களைத் தூண்டும். புரதம் உருவாகி மேற்பரப்புக்கு வந்து சேரப் பல மணி நேரமாகும். 42 டிகிரிக்குப் பிறகு மீடியத்தை மாற்றி, 37 டிகிரியில் 12 முதல் 18 மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள். டிரிப்சின் மேற்பரப்புப் புரதங்களை வெட்டக்கூடியது. 2 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்) போட்டுக் கழற்றுங்கள். ஆனால் ஈ.டி.டி.ஏ. துளி மிஞ்சினாலும் சோதனை கெடும்: என்.கே. செல் தன் கொல்லும் துகள்களை வெளியே கொட்டவும், அவற்றிலுள்ள பெர்ஃபோரின் புரதம் இலக்கு செல்லில் துளை போடவும் கால்சியம் வேண்டும். கால்சியம் உள்ள மீடியத்தில் இரண்டு முறை கழுவுங்கள்.

அடுத்தது அந்த 37 சதவீதம். சூடுபட்ட செல் தானாகவே கால்சீனைக் கசியவிடும். தன்னியல்புக் கசிவு (என்.கே. செல் இல்லாமலே வருவது), அதிகபட்சக் கசிவு (எல்லாச் செல்லையும் உடைத்தால் வருவது) இரண்டையும் சூடுபடாததற்கும் சூடுபட்டதற்கும் தனித்தனியாக அளந்தீர்களா? உதாரணக் கணக்கு: சூடுபடாத ஹீலாவில் கசிவு 300, அதிகபட்சம் 2000, சோதனைக் கிணறு 640. (640−300)÷(2000−300) = 20%. சூடுபட்டதில் கசிவு 700, அதிகபட்சம் 1900, சோதனை 940. (940−700)÷(1900−700), அதுவும் 20%. இதே 940-ஐச் சூடுபடாத செல்லின் 300, 2000 எண்களோடு கணக்கிட்டால் 37.6% வரும். உங்கள் எண் அதற்கு மிக அருகில் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

தட்டு96:
ஆமாம், கட்டுப்பாட்டுக் கிணறுகள் சூடுபடாத ஹீலாவுக்கு மட்டும்தான் வைத்தேன். அப்படியென்றால் கே562 ஏன் இவ்வளவு நன்றாகச் சாகிறது?

தைமஸ்:
கே562-இல் எச்.எல்.ஏ. வகுப்பு-1 (செல் ‘தன்னுடையது’ என்று காட்டும் மேற்பரப்புப் புரதம்) கிட்டத்தட்ட இல்லை. என்.கே. செல்லைப் பிடித்து நிறுத்தும் கே.ஐ.ஆர். ஏற்பிகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. ‘தன்னடையாளம் இல்லாதது’ என்று கேர்ரே (Kärre) குழு 1986-இல் எலிகளில் காட்டியது இதைத்தான். போதாக்குறைக்கு என்.கே. செல்லைத் தூண்டும் என்.கே.பி.30 ஏற்பி பிடிக்கும் பி7-எச்6 புரதமும் அதில் உண்டு. ஆகவே கே562 சோதனை உங்கள் என்.கே. செல் உயிரோடு, வேலைசெய்யும் நிலையில் இருக்கிறது என்று சொல்லும். அழுத்தத்தை அடையாளம் காண்கிறதா என்று சொல்லாது.

ஹீலாவில் வகுப்பு-1 உண்டு. மைக்-ஏ ஏறினாலும் ‘கொல்’ என்ற சமிக்ஞையும் ‘நிறுத்து’ என்ற சமிக்ஞையும் எதிரெதிராக நிற்கும். தூண்டப்படாத என்.கே. செல்லில் என்.கே.ஜி.2டி (மைக்-ஏ, மைக்-பி-யைப் பிடிக்கும் ஏற்பி) மட்டும் தட்டினால் துகள் வெளியேறாது. 2பி4 போன்ற இன்னொரு ஏற்பியும் சேர வேண்டும். ஐ.எல்.-2 கொடுத்த செல்லில் இந்தத் தடை தளர்ந்துவிடும். முந்தைய இரவே மில்லிலிட்டருக்கு 200 யூனிட் போட்டு வையுங்கள். ஐ.எல்.-2 இல்லாத தொகுதியையும் பக்கத்தில் ஓட்டுங்கள். வித்தியாசம் அதில்தான் தெரியும்.

பெர்ஃபோரின்:
விகிதத்தையும் இறக்குங்கள்: 10:1, 5:1, 2.5:1, 1:1. இலக்கு செல் கிணற்றுக்கு 10,000. தன்னியல்புக் கசிவு அதிகபட்சத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தட்டை ஒதுக்கிவிடுங்கள். மேலே நான் போட்ட 700-க்கு 1900, 37% கசிவு. கணக்கு சரியாக இருந்தாலும் அது நம்பத்தக்க தட்டு அல்ல. 42 டிகிரியில் 30 நிமிடம் போதுமா என்று பாருங்கள்.

தைமஸ்:
என்.கே.ஜி.2டி வழியாகத்தான் கொல்கிறதா என்று உறுதி செய்ய, ஹீலாவின் மேல் மைக்-ஏ எதிர்ப்புடலை முழு ஐஜிஜி-யாகப் போடாதீர்கள். அதன் வாலை என்.கே. செல்லின் சி.டி.16 ஏற்பி பிடித்துக்கொள்ளும், தடுப்பதற்குப் பதில் கொல்லுதல் கூடிவிடும். வால் வெட்டிய துண்டை என்.கே. செல் பக்கம், என்.கே.ஜி.2டி மேல் போடுங்கள்; அதே வகையில் வெட்டிய ஐசோடைப் கட்டுப்பாடும் (இலக்கைப் பிடிக்காத, அதே வகை எதிர்ப்புடல்) வேண்டும். கே562-இல் இதைச் செய்வதானால் இன்னும் கவனம்: அதில் எதிர்ப்புடலின் வாலைப் பிடிக்கும் சி.டி.32 இருப்பதால் முழு எதிர்ப்புடல் இரண்டு செல்களையும் ஒட்டவைத்துவிடும்.

18 மணி நேரம் வைத்த ஹீலாவின் பழைய மீடியத்தைக் கிணற்றுக்குள் கொண்டுவராதீர்கள். அடாம்10, அடாம்17 நொதிகள் வெட்டிவிட்ட மைக்-ஏ அதில் மிதக்கும். அது என்.கே.ஜி.2டி-யை அடைத்து, மேற்பரப்பிலிருந்தும் இறக்கிவிடும். கழுவிய செல்லை மட்டும் போடுங்கள்.