ஆக்குலஸ்: ‘வான்கண்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். குவிமாடத்தின் உச்சியில் விடப்படும் வட்டத் திறப்பான ‘ஆக்குலஸ்’ (oculus) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது எழுந்த கேள்வி இது:

> ஆக்குலஸுக்கு ‘வட்டச் சாளரம்’ போதுமே. புதிய சொல் எதற்கு?

போதாது ஐயா. சாளரம் என்றதும் சுவர் நினைவுக்கு வருகிறது. கதவும் கம்பியும் கூடவே வந்துவிடுகின்றன. ரோமில் பேரரசர் ஹேட்ரியன் காலத்துப் பாந்தியன் கோயிலில் இருப்பது அதுவல்ல. 43.3 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடத்தின் நட்டநடு உச்சியில், 8 மீட்டருக்கு மேல் அகலமாக, மூடியே இல்லாமல் திறந்திருக்கிறது. மழை நேரே உள்ளே விழும். பளிங்குத் தரையிலுள்ள 22 சிறு துளைகள் நீரை வடிக்கின்றன. வெயில் ஒரு வட்டமாக இறங்கிச் சுவர்மீது மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்.

‘உச்சித்துளை’ என்ற சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை. துளை என்றால் கட்டடத்துக்குக் குறை. இங்கே நேர்மாறு. உச்சியின் எடை குறைகிறது. நாற்புறமும் சாய்ந்து வரும் அழுத்தத்தைத் திறப்பைச் சுற்றியுள்ள வளையம் வாங்கிக்கொள்கிறது. வளைவில் உச்சிக்கல் செய்யும் வேலை அது. அதன் வெண்கல விளிம்பு இன்றும் இருக்கிறது.

லத்தீனில் ஆக்குலஸ் என்றால் கண். தமிழும் திறப்பில் கண்ணைப் பார்த்த மொழிதான்: சிலப்பதிகாரத்தின் ‘மான்கண் காலதர்’ மான்விழி போன்ற காற்றுவழி. ஆகவே கண்ணை விடவே கூடாது. ‘மாடக்கண்’ என்ற சொல் எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் மாடம் என்றதும் சுவரில் விளக்கு வைக்கும் விளக்குமாடம் குறுக்கே வந்து நிற்கிறது. என் பரிந்துரை ‘வான்கண்’.

‘வான்கண் விழியா வைகறை’ என்று அதே காப்பியம் ஞாயிற்றைச் சொல்கிறதே, குழப்பம் வராதா என்று கேட்பீர்கள். இன்று ஞாயிற்றை யாரும் அப்படி அழைப்பதில்லை; சொல் வழக்கொழிந்து காத்திருக்கிறது. பொருளும் எட்டிப் போகவில்லை. பாந்தியனின் கூரை வானத்தை ஒத்திருக்கிறது என்று வரலாற்றாசிரியர் டியோ காசியஸ் எழுதியிருக்கிறார். வானம்போல் கவிந்த கூரைக்கு ஞாயிற்றின் பழம்பெயரே கண்ணாக அமைவதைவிட வேறென்ன வேண்டும்?

ரோமப் பேரரசர் நீரோவின் பொன்மாளிகையிலுள்ள எண்கோணக் கூடத்தின் உச்சித் திறப்புக்கும் இச்சொல் அப்படியே பொருந்தும். பண்டைய ரோமானிய நகரான பொம்பெயியின் வீடுகளில் முற்றத்துக்கு மேலுள்ள சதுரத் திறப்புக்கு மட்டும் இதை நீட்ட வேண்டாம். அங்கே கூரைகள் உட்புறம் சரிந்து மழைநீரைக் கீழே தொட்டியில் கொட்டுகின்றன. பார்ப்பதைவிடக் குடிப்பதே அதன் வேலை. அதற்குக் ‘கூரைவாய்’ என்று தொடங்கி வைக்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.