அகுதகாவா எழுதியதில் அவருடையது எவ்வளவு?

மழைக்காகம்:
ஜப்பானிய எழுத்தாளர் ரியுனொசுகே அகுதகாவாவைச் சிறுகதை மேதை என்று தூக்கி வைக்கிறோம். 'ரஷோமோன்' (1915), 'மூக்கு' (1916) இரண்டு கதைகளின் மூலமும் 'கொன்ஜாகு' என்ற பழைய ஜப்பானியக் கதைத் தொகுப்பில் உள்ளதுதான். பழங்கதையை நன்றாகத் திருப்பிச் சொன்னவர், அவ்வளவுதான்.

தாழ்வாரம்:
'ரஷோமோன்' கதையை மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மூலத்தில் வருபவன் திருடவே தலைநகருக்கு வந்தவன். நகர வாசலின் மேல்மாடத்தில் பிணத்தின் தலைமுடியைப் பிடுங்கும் கிழவியைக் காண்கிறான், அகப்பட்டதை உருவிக்கொண்டு ஓடுகிறான். அகுதகாவாவின் ஆளோ வேலை போன வேலைக்காரன். பட்டினியில் சாவதா, திருடனாவதா என்று தெரியாமல் மழைக்கு ஒதுங்கி நிற்கிறான். கன்னத்தில் ஒரு பரு, கை அதிலேயே இருக்கிறது. "செத்துக் கிடக்கிறவள் பாம்பைக் காயவைத்து மீன் கருவாடு என்று விற்றவள், வயிற்றுக்காகச் செய்தாள், நானும் அப்படித்தான்" என்கிறாள் கிழவி. சரி, அப்படியென்றால் எனக்கும் அதே நியாயம்தான் என்று அவள் உடையையே பறிக்கிறான். அந்த நொடியில்தான் கை பருவை விட்டு வருகிறது.

மழைக்காகம்:
பாம்பு விற்றவளும் அதே தொகுப்பில் இன்னொரு கதையில் வருகிறவள்தானே?

தாழ்வாரம்:
ஆமாம். ஆனால் அவளுடைய பிழைப்பைக் கிழவியின் வாயில் நியாயமாக வைத்து, அதைக் கிழவிக்கு எதிராகவே திருப்பியது அகுதகாவா.

வேப்பம்பூ:
இருவரும் தொடக்கக் கதைகளிலேயே நிற்கிறீர்கள். என் மனதில் நிற்பவை கடைசிக் காலத்து எழுத்துகள். பிறந்த சில மாதங்களில் தாய்க்கு மனநோய். தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். 1926இல் அதைத் தன் பெயரிலேயே எழுதினார். 'பற்சக்கரங்கள்' கதையில் கண்ணுக்குள் அரைகுறையாய்த் தெரியும் சக்கரங்கள் சுழலும், அப்புறம் தலைவலி வரும். இதற்கு எந்தத் தொகுப்பில் மூலம் இருக்கிறது?

மழைக்காகம்:
1927 ஜூலையில் 35 வயதில் தற்கொலை செய்துகொண்டார் என்று தெரிந்தே நாம் அவற்றைப் படிக்கிறோம். அந்தத் துயரம் கதைக்கு வெளியிலிருந்து வருகிறது.

வேப்பம்பூ:
அந்தச் சக்கரங்களை அவர் வர்ணிக்கும் பக்கத்தை மட்டும் படியுங்கள். இறந்த கதை தெரியாதவருக்கும் நெஞ்சு அடைக்கும்.

மழைக்காகம்:
பருவை நான் கவனிக்கவில்லை, 'ரஷோமோன்' விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். 'மூக்கு' அப்படியில்லை. நீண்ட மூக்குள்ள துறவி அதைச் சிறுக்கவைக்க வெந்நீரில் வேகவைத்து மிதிக்கச் சொல்வது, பையன் தும்மி மூக்கு கஞ்சியில் விழுவது எல்லாமே பழைய கதையில் உண்டு.

தாழ்வாரம்:
மூக்கு சிறுத்த பிறகு சுற்றியிருப்பவர்கள் முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறார்களே, அது அங்கே கிடையாது. பெரிய நாவலாசிரியர் நத்சுமே சோசெகி கடிதம் எழுதிப் பாராட்டிய கதை அது.