மறுபடியும் அதே புத்தகமா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், மெர்போக், சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களிடம் ஒரு கேள்வி. வீட்டில் இருக்கிறவர்கள் "மறுபடியும் அதேதானா?" என்று சலித்துக்கொள்ளும் அளவுக்கு நீங்கள் திரும்பத் திரும்ப எடுக்கிற புத்தகம் எது? ஏன்? சிறந்த புத்தகம் எது என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பெரிய பட்டியல் வரும், அதில் பாதியை நாம் படித்தே இருக்க மாட்டோம்.

நானே தொடங்குகிறேன். எனக்கு சாண்டில்யனின் 'கடல் புறா'. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) யாரும் அதைப் புத்தகமாக வாங்கியதில்லை. குமுதத்தில் தொடராக வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டுத் தைத்த கட்டு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டில் கிளம்பி வீடு வீடாகப் போய் எங்கள் கைக்கு வரும்போது ஓரமெல்லாம் பால் கறை. நடுவில் சில வாரங்கள் காணாமல் போயிருந்தன. இளையபல்லவன் ஒரு பக்கத்தில் கப்பலில் நிற்பான், அடுத்த பக்கத்தில் வேறெங்கோ வாளோடு நிற்பான். இடையில் என்ன நடந்தது என்பதை என் அண்ணன்தான் சொல்லுவான், ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. வேலைக்குப் போன பிறகு மூன்று பாகங்களையும் வாங்கி விடுபட்ட இடங்களைப் படித்தேன். அண்ணன் சொன்னதே நன்றாக இருந்தது.

ஆனால் திரும்பப் படிப்பதற்குக் காரணம் வேறு. அதில் வருகிற கடாரம் நம்ம கெடா. காஞ்சனாதேவி கடாரத்து இளவரசி. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம், வங்கக் கடலைத் தாண்டி வந்த கப்பல்காரர்களுக்குக் கரையைக் காட்டிய மலை. அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகமும், பக்கத்தில் தோண்டியெடுத்து மறுபடி கட்டிவைத்த பழைய கோயிலின் அடித்தளமும் இருக்கின்றன. இராசேந்திர சோழன் 1025-இல் கடற்படையை அனுப்பியது இந்தப் பக்கத்துக்குத்தான். பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, தாத்தா கப்பலேறிக் கூலிக்கு வந்தார் என்பதோடு சரித்திரம் முடிந்துவிடும். அதற்குத் தொள்ளாயிரம் வருடத்துக்கு முன்பே இந்தக் கடலில் நம் ஆட்களின் கப்பல் ஓடியது என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது அந்தக் கிழிந்த கட்டில்தான்.

இப்போது பெண்களை வர்ணிக்கிற இடங்களில் பக்கத்தைத் தள்ளிவிடுகிறேன். பெருமையும் குறைந்துவிட்டது. "அடுத்தவன் ஊர்மேல படையெடுத்துப் போனதுல என்னப்பா பெருமை?" என்று மகள் கேட்கிறாள், என்னிடம் பதில் இல்லை. கடல் வருகிற அத்தியாயங்களுக்காகத்தான் இன்னமும் எடுக்கிறேன்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை

தம்பி, நான் மு.வ. (மு. வரதராசன்) ஆள். 'அகல் விளக்கு'. 1961-இல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கிய நாவல். நம் நாட்டில் மு.வ. படிக்காமல் தமிழாசிரியரானவர்கள் என் தலைமுறையில் மிகவும் குறைவு.

படித்தவர்களுக்குக் கதை தெரியும். சந்திரன், வேலய்யன் என்று இரண்டு நண்பர்கள். அழகிலும் படிப்பிலும் முந்தி நிற்கிற சந்திரன் கடைசியில் சீரழிகிறான். சாதாரணமான வேலய்யன் நிதானமாக வாழ்ந்து, கதையையும் சொல்கிறான். பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது இது ஒழுக்கத்தைச் சொல்லித் தருகிற நூல் என்று நினைத்தேன். அடிக்கோடு போட்டு வைத்த வாசகங்கள் எல்லாம் மேடையில் பேசுவதற்கு உதவின. என் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போன வயதில் மறுபடி எடுத்தேன். அப்போது வேலய்யன்மேல் எரிச்சல் வந்தது. நண்பன் தடுமாறுகிற ஒவ்வொரு இடத்திலும் இவனுக்கு ஒரு கருத்து இருக்கிறது! மூத்தவன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்திருந்த வருடம் மூன்றாவது முறை எடுத்தபோது, சந்திரனின் அப்பாவையும் அம்மாவையும்தான் தேடித் தேடிப் படித்தேன். அடிக்கோடு போட்ட எந்த இடத்திலும் அவர்கள் இல்லை.

மு.வ. பிரசங்கம் செய்கிறார் என்று இப்போதைய விமர்சகர்கள் சொல்வது சரிதான். எனக்குப் பிடித்திருக்கிறது, என்ன செய்வது.

லோரிக்காரன், சுங்கை பட்டாணி

அண்ணே, ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972-இல் வந்தது. பட்டர்வொர்த் துறைமுகத்தில் சாமான் ஏற்றும்வரை லோரியிலேயே கிடக்க வேண்டும், சில நாள் நாலு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு இந்தப் புத்தகம் சீட்டுக்குப் பின்னால் எப்போதும் இருக்கும்.

முதலில் படிக்கவே முடியவில்லை. நண்பர் ஒருவர் கட்டாயப்படுத்திக் கொடுத்தார். மெடான் நகரில் ஜப்பான்காரன் நுழைகிறான், பாண்டியன் தெருத் தெருவாக நடக்கிறான், திடீரென்று மதுரைக்கும் சின்னமங்கலத்துக்கும் நினைவு தாவுகிறது, பழந்தமிழ்ப் பாட்டையெல்லாம் கேலி பண்ணுகிறார்கள். யார் பேசுகிறார்கள் என்றே புரியாது. தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டுகிற இடம் வந்ததும்தான் புத்தகத்தை விட முடியவில்லை. அப்புறம் முதலிலிருந்து எடுத்தேன்.

கதை பினாங்குக்கு வரும்போது எனக்குக் கூடுதல் குஷி. தமிழ் நாவலில் நமக்குத் தெரிந்த தெரு எங்கே வருகிறது? மதுரைத் தெருவும் மெட்ராஸ் தெருவும் நமக்கு மனப்பாடம், போனதே இல்லை. இதில் என் லோரி நிற்கிற இடத்திலிருந்து ஃபெரி ஏறினால் போய்விடலாம்.

டீச்சர், வேலய்யனைப் பற்றி நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார், எனக்கு மச்சான்.

பெயர் வேண்டாம், இப்போது கோலாலம்பூரில்

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', 1993-இல் வந்தது. அதோடு அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பேன்.

என் தாத்தா சயாமுக்கு, அதாவது இப்போதைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பி வந்தவர். தோட்டத்தில் அவரை அப்படித்தான் அடையாளம் சொல்லுவார்கள், "சயாமுக்குப் போயிட்டு வந்தவரு வீடு." ஜப்பான்காரன் 1942, 43-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டான். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லோரி லோரியாக ஏற்றிப் போனான் என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்று எழுதுகிறேன், என் அலுவலகத்தில் கேட்டால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செத்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றிச் சினிமாப் படம் இருக்கிறது.

தாத்தா அதைப் பற்றிப் பேச மாட்டார். ரயில் ஏற மாட்டார், பட்டர்வொர்த் போவதென்றாலும் பஸ்தான். பாட்டியைக் கேட்டால், அவர் இல்லாத காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிள்ளைகளை வளர்த்த கதையைச் சொல்லுவாரே தவிர, தாத்தா எப்படித் திரும்பி வந்தார் என்பது பாட்டிக்கும் தெரியாது. எப்போதாவது காய்ச்சலில் ஓரிரண்டு இடப் பெயர்கள் தாத்தா வாயில் வரும். அவர் உச்சரிப்பில் அது எந்த ஊர் என்று யாருக்குத் தெரியும்?

அவர் இறந்த பிறகுதான் 'சயாம் மரண ரயில்' கையில் கிடைத்தது. முதல் முறை கதைக்காகப் படித்தேன். அதன் பிறகு படித்ததெல்லாம் தாத்தாவுக்காக. மழை, சேறு, வாந்திபேதி, மூங்கில் வெட்டுவது, இரவில் பிணத்தை எரிப்பது என்று வருகிற இடங்களில் நிறுத்தி, தாத்தா எந்த முகாமில் இருந்திருப்பார் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு இடம் தோன்றுகிறது, பழைய குறிப்பை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். தாய்லாந்தில் இருக்கிற காஞ்சனாபுரிக்கும் ஒரு தடவை போய் வந்தேன். அங்கே அழகாகப் பராமரிக்கப்பட்ட போர்க்கால இடுகாட்டில் வரிசை வரிசையாக நேசநாட்டுப் போர்க்கைதிகளின் பெயர்கள். தாத்தாவோடு போய்த் திரும்பாதவர்களின் பெயரை அங்கே தேடிப் பயனில்லை.

நாவல் என்ற அளவில் இரண்டிலும் குறை சொல்லலாம், உரையாடல் சில இடங்களில் நாடகம் மாதிரி இருக்கும். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை.

பாயா பெசார், கூலிம்

எங்கள் வீட்டில் படிப்பது சண்டை போடுவதற்கு. புத்தகம் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', 1977-இல் வந்தது. அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து நம் தோட்டங்களைப் பார்த்துவிட்டு எழுதினார். அம்மா முப்பது வருடம் மரம் சீவியவர், கண் பார்வை போய்விட்டதால் நான் வாசித்துக் காட்டுகிறேன். "நாம என்னைக்கு இப்படி அழகாப் பேசினோம்? பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) நிக்கிற நேரத்துல பேச்சு எங்கே வருது?" என்பார். "அவரு விருந்தாளிம்மா, விருந்தாளிக்கு இப்படித்தான் தெரியும்" என்பேன். "அப்ப நம்ம ஆளுங்க எழுதினதைப் படி." சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' எடுத்தேன். பத்துப் பக்கம் கேட்டுவிட்டு, "இது வேணாம், இதெல்லாம் எனக்கே தெரியும். அந்த விருந்தாளியையே படி" என்றார்.

என் ஓட்டு முத்துசாமிக்குத்தான். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

தொழிற்சாலை பஸ், நைட் ஷிஃப்ட்

நான் படிப்பதில்லை, கேட்பது. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் காதில் ஓடும், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி உடைத்துச் சொல்லாததால் பஸ்ஸில் மூன்று கட்சி இருக்கிறது. படம் வந்த பிறகு நாலு.

லோரிக்காரன், சுங்கை பட்டாணி

கோலாலம்பூர் அக்கா, 'நினைவுச் சின்னம்' என்னிடம் இல்லை. இரவல் கேட்டால் தருவீர்களா? தீபாவளிக்கு ஊருக்கு வருவீர்கள்தானே?

பெயர் வேண்டாம், இப்போது கோலாலம்பூரில்

தருகிறேன் தம்பி. லோரி சீட்டுக்குப் பின்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

டீச்சரின் பழைய மாணவன்

டீச்சர், வேலய்யனை இப்போது திட்டுகிறீர்கள். அவனைப் பாராட்டி எங்களை இரண்டு பக்கம் கட்டுரை எழுத வைத்தது யார்? எனக்கு அவனை அன்றும் பிடிக்கும், இன்றும் பிடிக்கும். என் அண்ணன்தான் எங்கள் வீட்டுச் சந்திரன். அவன் சிங்கப்பூர் போய்த் தொடர்பே இல்லாமல் இருந்த வருடங்களில் அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனதும், தோட்டத்தை விற்றபோது தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு தேடியதும், மின்சாரக் கட்டணம் கட்டியதும் நான். அதையெல்லாம் செய்கிறவன் அவ்வப்போது ஒரு கருத்துச் சொன்னால் என்ன, கேட்டுக்கொள்ளக் கூடாதா?