கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட 8 கிலோமீட்டர்: அது நீர்வழியா, வடிகாலா?

நெய்தல்வாசி:
காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்த் தொடர், கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுப் பகுதிகளோடு சேர்த்து 2008ஆம் ஆண்டில் நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் அதில் அடங்கும். சென்னை நகருக்குள் இருக்கும் நடுப்பகுதியை மீட்காமல் அந்த அறிவிப்புக்குப் பொருளே இல்லை என்பது என் கருத்து. 1806இல் தொடங்கிய வடக்குக் கால்வாய் முதலில் கோக்ரேன் என்பவரின் முதலீட்டில் எண்ணூர் வரை தோண்டப்பட்டு, பிறகு பழவேற்காட்டை எட்டி, 1837இல் அரசின் கைக்கு வந்தது. நகரப் பக்கத்தில் அது பேசின் பாலத்தையும் சென்ட்ரலையும் கடந்து கூவத்தில் கலந்து நின்றுவிட்டது. தெற்குக் கால்வாயோ அடையாற்றிலிருந்து மரக்காணத்தை நோக்கிச் சென்றது. இவ்விரண்டையும் ஒரே வழியாக்கியது 1877-78இல் வெட்டப்பட்ட ஏறத்தாழ 8 கிலோமீட்டர் இணைப்புத்தான். அதை இழந்தால் நம்மிடம் மிஞ்சுவது இரண்டு துண்டுகள்.

மதகடி:
நண்பர் ஆண்டுகளைச் சரியாகச் சொல்கிறார். ஆனால் அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தின் காலம். அந்த இணைப்பு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. சரக்குப் போக்குவரத்து கேட்டதால் அல்ல, பசித்தவர்களுக்குக் கூலி கொடுக்க ஏதேனும் ஒரு மண்வேலை தேவைப்பட்டதால்தான் அது பிறந்தது. அந்தக் கூலியும் எத்தகையது? பஞ்ச நிவாரணத்தை மேற்பார்க்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் 1877இன் தொடக்கத்தில் வகுத்த அளவின்படி, நிவாரண வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும்தான். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷே அது போதாதென்று எதிர்த்த பிறகு சற்றே உயர்த்தினார்கள். இத்தனைக்கும் பிறகு கால்வாய்க்கு வைத்த பெயர் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. இன்று அதன் பயன் மழைநீரையும் கழிவுநீரையும் கொண்டுசெல்வது மட்டுமே. படகு என்பது ஏக்கமே தவிரத் திட்டமாகாது.

நெய்தல்வாசி:
பஞ்சத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒரு வேலை எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதும் அது எதற்குப் பயன்பட்டது என்பதும் வெவ்வேறு கேள்விகள். கல்லுடைக்கச் சொல்லியும் கூலி கொடுத்திருக்கலாம். விடுபட்டிருந்த இணைப்பை வெட்டச் சொன்னதற்குக் காரணம் அந்த இடைவெளி ஏற்கெனவே உறுத்தியதுதான். மரக்காணம் பக்கத்து உப்பும், சவுக்கு விறகும் தோணிகளில் நகருக்குள் வந்தன. கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்தும் கழி ஊன்றியும் ஆட்கள் அவற்றை நகர்த்தினார்கள். எரிவாயு உருளை வருவதற்கு முன்பு மயிலாப்பூர் அடுப்புகள் எதனால் எரிந்தன என்பதை மதகடி தம் வீட்டுப் பெரியவர்களிடமே கேட்கலாம்.

பழைய ஓவர்சியர்:
இருவருமே இந்தக் கால்வாயை ஒரே நேர்கோடாகக் கற்பனை செய்வதால்தான் வாதம் சுற்றிச் சுற்றி வருகிறது. வடக்குக் கால்வாய் கூவத்தைக் குறுக்கே கடந்து நேராகத் தெற்கே போவதில்லை. அது சென்ட்ரலுக்கு அருகே ஆற்றில் சேருகிறது; தோணி அங்கிருந்து ஆற்றோடு கீழே வந்து, சேப்பாக்கத்தில் மறுபடி தெற்கே திரும்ப வேண்டும். ஆகவே இந்தச் சந்திப்பில் கால்வாய் என்பதே கிடையாது. சிறிது தூரம் ஆறுதான் கால்வாய். அந்த ஆற்றின் மட்டத்தைத் தீர்மானிப்பது மனிதர் கட்டிய மதகு அல்ல, முகத்துவாரத்து மணல்திட்டு. மணல் அடைத்தால் நீர் தேங்கும். உடைந்தால் ஓதத்தோடு ஏறி இறங்கும். இதனால்தான் ஆறுகளைச் சந்திக்கும் இடங்களில் கதவு மதகுகள் வைத்து நடுவிலுள்ள நீரைப் பிடித்துவைத்தார்கள்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. படகு ஓடக் கதவை மூடி நீரைத் தேக்க வேண்டும்; வெள்ளம் வடியக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பின் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குக் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டுக்குப் போய்த்தான் கடலைச் சேருகிறது. அந்த வழியில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எவரும் நீரைத் தேக்கத் துணிய மாட்டார்கள்.

மதகடி:
ஐயா சொன்ன முரண்பாடு என் வாதத்துக்கு நான் கொடுத்ததைவிட நல்ல காரணம். கூலிக் கணக்கோடு நின்றிருந்தது என் குறைதான். ஆனால் தூண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பறக்கும் ரயில் 1997இல் மயிலாப்பூர் வரையும் 2007இல் வேளச்சேரி வரையும் வந்தது. அதன் பாதை நெடுந்தூரம் இந்தக் கால்வாயின் மேலேயே போகிறது, தூண்கள் நீருக்குள் நிற்கின்றன, சில நிலையங்கள் கரையையே விழுங்கியிருக்கின்றன. வேளச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கிய மறு ஆண்டே அதே கால்வாயைத் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். ஒரு கோப்பு இன்னொரு கோப்பைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நெய்தல்வாசி:
தூண்களை அகற்றக் கேட்கும் அளவுக்கு நான் கனவு காண்பவன் அல்லன். நகருக்குள் தூர் வாரி, கழிவுநீர் இணைப்புகளைத் துண்டித்து, வடிகாலாகவே வைத்துக்கொள்ளட்டும். படகை முட்டுக்காட்டுக்குத் தெற்கே, மரக்காணம் வரை, வெள்ளக் காலம் நீங்கிய மாதங்களில் மட்டும் விடலாம். 1965-66இலும் 1976இலும் வந்த புயல்கள் சிதைத்ததோடு அந்தத் தெற்குப் பகுதியைக் கைகழுவியது தவறு. 2004 ஆழிப்பேரலையின்போது ஏறிவந்த கடல்நீரில் ஒரு பங்கைத் தாங்கியதும் இதே கால்வாய்தான்.

பழைய ஓவர்சியர்:
அது செய்யக்கூடியது. ஆனால் நண்பர் தம் முதல் பதிவை ஒருமுறை திரும்பப் படிக்க வேண்டும். நடுப்பகுதியை மீட்காமல் பொருளில்லை என்று தொடங்கியவர், இப்போது வடக்கை வடக்காகவும் தெற்கைத் தெற்காகவும் விட்டுவிட்டு 1877க்கு முந்தைய வரைபடத்தையே நம் முன் வைக்கிறார்.

நெய்தல்வாசி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரைபடத்திலும் உப்பு மரக்காணத்திலிருந்துதான் வரும். அதை அடையாற்றங்கரையில் இறக்கிக்கொள்ளலாமே என்றுதான் கேட்கிறேன்.

மதகடி:
அடையாறு வரை வர வேண்டுமானால் முட்டுக்காட்டுக்கு வடக்கே ஒக்கியம் மடுவையும் இந்திரா நகர்த் தூண்களையும் கடக்க வேண்டும். முட்டுக்காட்டிலேயே இறக்கிவிடுங்கள்.